ராய்ஸ் சொல்லாத காரணம்

பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெண்டெல் ப்ரூ தன் ரிவால்வரை எடுத்து, காகித ஆலைக்குப் போன காலத்துத் தகரச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பக்கத்திலேயே தோட்டா டப்பாவையும் வைத்தார். அது மட்டும் வீட்டில் கிடந்தாலும் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கும் என்று பயம். பெட்டியை மூடிக் கொக்கி போட்டுவிட்டு சிநேகிதர் ராய்ஸ் டீபோவுக்குப் போன் செய்தார்.

"ராய்ஸ், கொஞ்சம் வர்றியா? ஒரு சாமான் உங்கிட்ட குடுத்து வெக்கணும்."

"வர்றேன்."

பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் ராய்ஸின் பிக்கப் வண்டி வாசலில் நின்றது. உள்ளே வந்தவர் பூட்ஸைக் கூடக் கழற்றவில்லை. மேஜை மேலிருந்த பெட்டியைப் பார்த்தார், வெண்டெலின் முகத்தைப் பார்த்தார். பெட்டிக்குள் என்ன என்று கேட்கவில்லை.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

"சரி. அலமாரிச் சாவியையும் குடு."

வேட்டைத் துப்பாக்கிகள் இருந்த இரும்பு அலமாரியின் சாவி அது. வெண்டெல் கழற்றிக் கொடுத்தார்.

"சூப் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றார் ராய்ஸ்.

இருந்தது. இருவரும் உட்கார்ந்து குடித்தார்கள். ஆக்கி விளையாட்டைப் பற்றி ராய்ஸ் ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். போகும்போது கதவருகே நின்று, "இது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனா தினம் சாயங்காலம் போன் பண்ணுவேன், எடுக்கலைன்னா கதவை உடைச்சிக்கிட்டு வருவேன்" என்றார்.

வெண்டெலின் மனைவி லுசில் அக்டோபரில் இறந்திருந்தாள். நாற்பத்தோரு வருடத் தாம்பத்தியம். அழுது தீர்க்கத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் அழுதிருப்பார். அது வெண்டெலுக்கு வராது.

இந்த மாநிலத்தில் ஒவ்வொரு கைத்துப்பாக்கியும் அதன் எண்ணோடு சொந்தக்காரரின் லைசென்ஸில் எழுதப்பட்டிருக்கும். வேறு யார் கையில் இருந்தாலும், உயிர்ச் சிநேகிதன் கையில் இருந்தாலும், குற்றம். ராய்ஸுக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடையாது. மான் வேட்டைக்கு ஒரு ரைஃபிள், அவ்வளவுதான். முப்பத்தோரு வருடமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். இதெல்லாம் வெண்டெலுக்குத் தெரியாமல் இல்லை. ஒன்பது வருடமாக ஊர் வேட்டைக் கிளப்பின் தலைவர் அவர். நியூயார்க் நகரத்துக்காரர்கள் மாநிலத் தலைநகர் அல்பனியில் கூடிக்கொண்டு, மானையும் பார்க்காமல் பனியையும் அள்ளாமல் நமக்குச் சட்டம் போடுகிறார்கள் என்று மாவட்ட மன்றத்தில் எழுந்து கத்தியவர். "என் துப்பாக்கியை எங்கிட்டேருந்து வாங்க ஒருத்தனாலும் முடியாது" என்று அவர் மைக்கில் சொன்னது உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. அந்தச் சட்டத்தை அவ்வளவு திட்டியவருக்கு அதன் ஒவ்வொரு வரியும் மனப்பாடம்.

சட்டப்படி கொடுத்து வைக்க வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. துப்பாக்கிக் கடையில் காகிதம் எழுதிக் கொடுத்து வைக்கலாம். கடைக்காரர் ஹார்லனின் வாய்க்குப் போனது ரேடியோவில் போன மாதிரி. ஷெரிஃப் ஆபீஸில் ஒப்படைக்கலாம். ஏன் என்று கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள், அது நீதிபதிக்குப் போகும், லைசென்ஸ் போனால் போனதுதான். கதவு திறந்துதான் இருந்தது. அதன் வழியே நடக்கிறவனை ஊரே வேடிக்கை பார்க்கும். அதனால் இந்தப் பக்கத்து ஆண்கள் ரொம்ப காலமாக இன்னொரு வழி வைத்திருந்தார்கள். நம்பிக்கையான ஆளைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வைத்திரு என்பது. வாங்குகிறவன் கேட்கமாட்டான், கொடுக்கிறவன் சொல்லமாட்டான்.

ஏப்ரலில் வெண்டெலுக்குக் கொஞ்சம் தெளிந்தது. மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்க வாளி மாட்டினார், பாகு காய்ச்சினார், தூங்கினார். அப்போதுதான் லைசென்ஸை உறுதிப்படுத்தும் படிவம் வந்தது. உங்கள் கைத்துப்பாக்கி உங்களிடம்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சட்டத்தைத் திட்டுவார், அரசாங்கத்தைத் திட்டுவார், ஆனால் பொய்ப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை வெண்டெல். போனை எடுத்தார்.

"அதைத் திரும்ப வாங்கிக்கலாம்னு பாக்கறேன் ராய்ஸ். இப்ப பரவாயில்ல."

"நெஜமா?"

"நெஜமா."

"ஞாயித்துக்கிழமை தீயணைப்பு நிலையத்துல ஊருக்குப் பான்கேக் விருந்து போடறாங்க இல்ல, அதுக்கு வரும்போது கொண்டாந்துடறேன்."

'வேண்டாம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று வெண்டெல் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய லைசென்ஸ், அவருடைய துப்பாக்கி. அவர் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் ரோட்டில் யாரும் கைவைத்திருக்க முடியாது. இடுப்பு வலி. ஈரக் குளிர். "சரி" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்று ரோட்டு வளைவில் ஒரு பெண்மான் ராய்ஸின் வண்டிக்குக் குறுக்கே பாய்ந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. மாநிலப் போலீஸ்காரன் ஒருவன் வந்தான். நல்ல பையன், வேறு ஊர். ராய்ஸைக் கைகொடுத்து வெளியே இழுத்தான், ரத்தத்தைத் துடைக்கத் துணி கொடுத்தான். இறைந்து கிடந்த சாமான்களைப் பொறுக்கிக் கொடுக்கப் போனபோது கொக்கி தெறித்துத் திறந்து கிடந்த சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தான்.

போலீஸ் நிலையத்திலிருந்து ராய்ஸ் செய்த ஒரே போன் வெண்டெலுக்குத்தான்.

"என் கோழிக்கூட்டுல ரக்கூன் பூந்துடுச்சு. சுடறதுக்கு உன் ரிவால்வரைக் கேட்டு வாங்கினேன். நீ வேணாம்னுதான் சொன்ன. புரிஞ்சுதா?"

வெண்டெல் வாயைத் திறந்தார். லுசிலின் மேல்கோட்டு இன்னும் கதவு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "புரிஞ்சுது" என்றார்.

ராய்ஸின் வக்கீல் பிரிஜிட் ஹாலரன் கறாரான பெண்மணி. ஒரு வாரம் கழித்து வெண்டெலைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"துப்பாக்கில தோட்டா இல்ல. ஆனா துப்பாக்கியும் அதுக்குண்டான தோட்டாவும் ஒரே ஆள்கிட்ட இருந்தா, இந்தச் சட்டத்துக்கு அது தோட்டா போட்ட துப்பாக்கிதான். வீட்டுக்கு வெளியே, லைசென்ஸ் இல்லாத ஆள்கிட்ட. குறைஞ்சது மூணரை வருஷம் ஜெயில். டப்பா மட்டும் அந்தப் பெட்டில இல்லாம இருந்திருந்தா நான் இவ்வளவு கவலைப்படமாட்டேன்."

அந்த டப்பாவை வைத்தது யார் கை என்று வெண்டெலுக்குத் தெரியும்.

"அரசு வக்கீல் ஒண்ணும் கல்லு இல்ல சார். நியாயமான காரணம் இருந்தா கேஸைக் குறைச்சுக்குவார். ஆனா ரக்கூன்? அந்த மனுஷன் வீட்டுல ரைஃபிள் இருக்கு. அவர் கோழி வளக்கறதை விட்டே ஆறு வருஷம் ஆச்சாம், பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. உங்க சிநேகிதர் எங்கிட்டயே பொய் சொல்றார். ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார் வெண்டெல். வெளியே வந்து காரில் உட்கார்ந்து, சாவியைப் போடாமல் வெகுநேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் போல ஒரு கோழையை அவர் பார்த்ததில்லை.

மூன்று நாள் அந்த வெட்கத்தோடு இருந்து பார்த்தார். நான்காவது நாள் ராய்ஸின் வீட்டுக்குப் போனார். ஜாமீனில் வந்திருந்த ராய்ஸைப் பள்ளிக்கூடம் பஸ் ஓட்டுவதிலிருந்து நிறுத்திவைத்திருந்தது. நெற்றியில் தையலோடு சமையலறையில் உட்கார்ந்து, வேலைக்குப் போகிறவர் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் வக்கீலம்மாகிட்ட சொல்லிடப் போறேன்."

"சொல்லேன். நீ என்னைக் காப்பாத்தறதுக்காகப் புளுகறேன்னு நான் சொல்லுவேன். யாரை நம்புவாங்க? துப்பாக்கி சங்கத் தலைவர் ஐயா தானா துப்பாக்கியைத் தூக்கிக் குடுத்தாருன்னா நாய் கூட சிரிக்கும்."

"ராய்ஸ், மூணரை வருஷம்டா."

"முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுல உக்காந்தேன், பின்னாடி நாப்பது பிசாசுங்க கத்திக்கிட்டு. ஜெயில்ல அமைதியா இருக்கும்."

"விளையாடாத."

"விளையாடல." ராய்ஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான். நீ சொன்னா என்ன ஆகும்? உன் லைசென்ஸ் போவும், ரைஃபிள் எல்லாம் போவும், உங்கப்பாவோடது உள்பட. அப்புறம் ஊர் உன்னைப் பாக்கற பார்வை இருக்கே, அது போதும் ஒரு மனுஷனைக் கொல்றதுக்கு. வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ."

தன் வாக்கைக் காப்பாற்ற ஜெயிலுக்குப் போகிறவனை என்ன செய்ய முடியும்? வெண்டெல் யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். ஊருக்கே தெரிந்துவிட்டால் ராய்ஸிடம் காப்பாற்ற ரகசியமே இருக்காது.

மே மாதக் கடைசியில் வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டக் கிளப் விருந்து வைத்தது. தீயணைப்பு நிலையக் கூடத்தில் நீள மேஜைகள், ஸ்பகெட்டி, பூண்டு ரொட்டி. சுவரில் 'ராய்ஸ் டீபோவுக்கு நியாயம்' என்று துணிப் பதாகை. ரக்கூனைச் சுட ரிவால்வர் வாங்கியவனுக்கு ஜெயிலாம், இதுதான் இந்த மாநிலத்தின் சட்டம் என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மாவட்டங்களிலிருந்து கூட ஆட்கள் வந்திருந்தார்கள். வெண்டெலின் மகள் கொரின் சிரக்யூஸிலிருந்து வந்து, ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். ராய்ஸ் முதல் வரிசையில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

தலைவர் பேச வேண்டும். வெண்டெல் மைக்கைப் பிடித்ததும் கைதட்டினார்கள்.

"ரக்கூன் ஒண்ணும் இல்ல" என்றார்.

சிலர் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். முதல் வரிசையில் ராய்ஸ் தலையை மெதுவாக ஆட்டினார். வேண்டாம் என்று.

"லுசில் போனதுக்கப்புறம் எனக்கு இருக்கப் பிடிக்கல. பிப்ரவரில ரொம்ப மோசமாயிட்டேன். அந்த ரிவால்வர் வீட்ல இருந்தா என்ன பண்ணுவேன்னு எனக்கே பயமா இருந்துச்சு. நான்தான் ராய்ஸைக் கூப்பிட்டேன். அந்தத் தோட்டா டப்பாவைப் பெட்டில வெச்சது நான்தான். அவன் என்னைக் கேள்வி கேக்காம வாங்கிட்டுப் போனான். நான் இன்னிக்கு இங்க நிக்கறேன்னா அதனாலதான். இவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அது கேவலம்."

மைக்கைக் கீழே வைத்தார். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். அவர் தன் நாற்காலிக்குப் போகும் வழியில் கொரின் கத்தியோடு அப்படியே நின்றிருந்தாள்.

"எந்த நாள்பா?"

"பிப்ரவரில... ரெண்டாவது ஞாயித்துக்கிழமை."

"அன்னிக்குக் காலைல நான் வந்திருந்தேனே. பனி வருது, சீக்கிரம் கிளம்புன்னு நீங்கதான சொன்னீங்க."

"ஆமாம்மா."

அவள் கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றாமலே வெளியே போய்விட்டாள். வெண்டெல் பின்னால் போய்ப் பார்த்தபோது, காரில் சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்றார். அவருக்கு அழுகை வந்தது. அக்டோபரிலேயே வந்திருக்க வேண்டியது.

அதன்பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. ராய்ஸிடம் மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதால் வக்கீலிடம் நடந்ததைச் சொன்னார். அரசு வக்கீல் வழக்கைச் சின்னக் குற்றமாகக் குறைத்தார். ஜெயில் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் பஸ்ஸைத் திரும்பத் தரவில்லை. துப்பாக்கிக் கேஸில் தண்டனை பெற்றவர் பிள்ளைகளை ஏற்றிப் போவதாவது என்றது. வெண்டெலின் லைசென்ஸை நீதிபதி ரத்து செய்தார். கிளப்பிலேயே உறுப்பினரான ஒரு ஷெரிஃப் ஆபீஸ் டெபுடி வந்து, நிமிர்ந்து பார்க்காமல் ஏழு துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றி எடுத்துப்போனான். இனி அவர் எந்தத் துப்பாக்கியையும் தொடக் கூடாது. வேறொருவனுக்கு இப்படி நடந்திருந்தால் மாவட்ட மன்றத்தில் ஒரு மணி நேரம் கத்தியிருப்பார். ராய்ஸ் ஜெயிலுக்குப் போகவில்லை என்பதே போதும் என்றிருந்தது அவருக்கு. ஊர்க்காரர்கள் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார்கள். மூடி போட்ட பாத்திரங்களில் சாப்பாடு வந்தது. தலைவர் பதவியை அவரே விட்டுவிட்டார்.

ராய்ஸ் மட்டும் வரவில்லை. போனும் இல்லை. ரோட்டில் எதிரே வந்தபோது வணக்கத்துக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல்கூடத் தூக்கவில்லை.

ஜூனில் வெண்டெல் பொறுக்க முடியாமல் போய்விட்டார். ராய்ஸ் புல் வெட்டும் மிஷினைக் கவிழ்த்துப்போட்டுப் பிளேடைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாள் இப்படி இருக்கப் போற?"

ராய்ஸ் அரத்தைக் கீழே போடவில்லை.

"பஸ்ஸு போனதுக்குக் கோவமா? அதுக்கு நான் என்ன வேணா..."

"பஸ்ஸு கெடக்குது."

"அப்புறம்? என் மானம் போச்சுன்னா? அது என்னோடது, நான் குடுத்தேன்."

"உன்னோடது, உன்னோடது." ராய்ஸ் நிமிர்ந்தார். "நீ ஒருத்தன்தான் எங்கிட்ட வந்தேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கியா?"

வெண்டெலுக்குச் சட்டென்று புரியவில்லை.

"இருவது வருஷமா வர்றாங்கடா. ஒருத்தன் ஆலை மூடினப்ப. ஒருத்தன் பொண்டாட்டி ஓடிப் போனப்ப. ஒருத்தன் போர்லேருந்து வந்ததும். மாடில தகர டிரங்க் பெட்டி இருக்கு, அதுல வெப்பேன். ஒரு மாசம், ஆறு மாசம். சரியானதும் வாங்கிட்டுப் போவாங்க. ஒருத்தனைப் பத்தி இன்னொருத்தனுக்குத் தெரியாது. எங்கிட்ட ஏன் வந்தாங்க? நான் வாயைத் திறக்கமாட்டேன், அதனாலதான். திறந்தா எல்லாம் போச்சு. ஜெயிலுக்குப் போயிருந்தாலும், வந்ததுக்கப்புறம் கதவைத் தட்டியிருப்பாங்க."

"ராய்ஸ்..."

"நல்லதுக்குத்தான் பண்ணின, தெரியும். ஆனா இப்ப போலீஸுக்குத் தெரியும், ஜட்ஜுக்குத் தெரியும், பேப்பர்ல வந்தாச்சு. சின்னக் கேஸுன்னாலும் மூணு வருஷம் கோர்ட்டுக் கண்காணிப்புல இருக்கேன், எப்ப வேணா வீட்டைத் திறந்து பாக்கலாம். நீ பேசின மறுநாள் ஒருத்தன் வந்தான். மார்ச்லேருந்து அவனோடது எங்கிட்ட இருந்துச்சு. போலீஸ் உன் வீட்டைத் தேட வர்றதுக்குள்ள வாங்கிட்டுப் போயிடறேன்னான். உன்னை மாதிரி என்னால ஊர் முன்னாடி நிக்க முடியாதுன்னான். நான் என்ன சொல்ல? எடுத்துக் குடுத்தேன். என் கையாலயே எடுத்துக் குடுத்தேன்."

அரம் இப்போதுதான் கீழே விழுந்தது. ராய்ஸ் அழுது வெண்டெல் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை. ஆனால் வாய் கோணிக்கொண்டது.

"யார் ராய்ஸ்? சொல்லு, நான் போய்ப் பேசறேன்."

"சொல்லமாட்டேன்."

"சரியாயிட்டானா?"

"இல்ல."

"அப்ப சொல்லுடா, உயிர் விஷயம்."

"தினம் போன் பண்றேன். ரெண்டு நாளா எடுக்கறான். அதுக்கு முந்தி எடுக்கல. கதவைத் தட்டினா தூங்கிட்டேங்கறான். நான் சொன்னா நீ போய் நிப்ப, அடுத்த நிமிஷம் அவனுக்கு நானும் இல்ல. போ வெண்டெல்."

அடுத்த கிளப் கூட்டம் முதல் செவ்வாய்க்கிழமை. தலைவர் இல்லையென்றாலும் உறுப்பினர்தான். வெண்டெல் சீக்கிரமே போய்க் கதவருகே நின்றுகொண்டார். வருகிற ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து, முன்பு எப்போதும் இல்லாத வழக்கமாக, விடாமல் கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். ஹார்லன் வந்தார், டெபுடி வந்தான், ஆலையில் கூட வேலை செய்தவர்கள் வந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் வந்தார்கள். சிலர் சவரம் செய்திருக்கவில்லை. சிலர் இளைத்திருந்தார்கள். ஒருவன் அளவுக்கு மிஞ்சிச் சிரித்தான். யார் மேல் வேண்டுமானாலும் சந்தேகப்படலாம் போலிருந்தது.

"எப்படி இருக்க? நெஜமா கேக்கறேன், எப்படி இருக்க?" என்று கேட்டார்.

நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் தனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்றார்கள். பாதிப் பேர் அவர் தோளைத் தட்டி, நீ எப்படி இருக்கிறாய் வெண்டெல், உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.